அம்மம்மா சொன்னதும் மகள் சொன்னதும்: திருகோணமலையில் குடும்ப ஆய்வு செய்து நான் பட்டது

குடும்ப உறவுகள் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்று யாராவது என்னிடம் சொன்னால் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வருகிறது. செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அந்த வேலையில் நான் குறித்த காலத்தைவிட இரண்டரை வருடம் பிந்தினேன், கையில் இருந்தும் கடன் வாங்கியும் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா போனது, எல்லாவற்றையும்விட ஒரு வீட்டுத் தாயையும் மகளையும் மூன்று மாதம் கதைக்காமல் இருக்க வைத்தேன். புத்தகத்தில் இருந்தவை எனக்குத் தெரியும். மூதூர்ப் பக்கம் ஒரு வளவுக்குள் படலையைத் திறந்து போகும்போது என்ன நடக்கும் என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கிராமத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆட்களின் வயது, வேலை, போன நாடு எல்லாம் மாற்றித்தான் இருக்கின்றன. ஏன் என்று வாசிக்கும்போது விளங்கும்.

2018 மாசியில் எம்ஃபில் படிப்புக்குப் பதிந்தேன். நான் பாடசாலையில் படிப்பிப்பவள். பெற்றோர் கூட்டம் வைத்தால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மம்மாதான் வருவா. தாய் சவூதியில், குவைத்தில், கட்டாரில் வீட்டு வேலை. அம்மம்மா, மகள், பேரப்பிள்ளை இந்த மூவருக்கும் இடையில் உறவு எப்படி மாறுகிறது என்பதுதான் என் தலைப்பு. கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பதும், கலியாணம் முடித்தும் மகள் தாய் வளவுக்குள்ளேயோ பக்கத்து வளவிலோ இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே தாய் வெளிநாடு போனால் பிள்ளை தூர இடத்துக்குப் போவதில்லை, அதே கிணற்றடியில் அம்மம்மாவிடம்தான் வளர்கிறது. ஆங்கிலத்தில் வாசித்த வெளிநாடு போகும் தாய்மார் பற்றிய கட்டுரைகளில் இதைக் காணவில்லை என்று பெரிய உற்சாகத்தோடு தொடங்கினேன்.

முதல் பிழை, கேள்விக்கொத்து. குடும்ப நெருக்கத்தை அளக்க மேற்கில் செய்த அளவை ஒன்றை எடுத்து நானே தமிழாக்கினேன், பிறகு ஒருவரிடம் கொடுத்துத் திருத்தினேன், அவருக்கும் தட்டச்சுக்கும் 22,000 ரூபா. 96 பேருக்குப் போட்டோகொப்பி அடித்தேன். அங்கேயே இரண்டு விஷயம் பிழைத்தது. குடும்பச் சிகிச்சையில் சல்வடோர் மினுச்சின் போன்றவர்கள் உறவுகளுக்கு இடையில் இருக்க வேண்டிய எல்லைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், அந்தச் சொல்லை நானும் அப்படியே "எல்லை" என்று போட்டேன். மீள்குடியேறி வந்து காணி உறுதி தேடி அலைந்த ஒரு கிராமத்தில் போய் உங்கள் குடும்பத்தில் எல்லைகள் தெளிவாக இருக்கின்றனவா என்று கேட்டால் என்ன வரும்? ஒரு அம்மா எழும்பிப் போய் வேலியைக் காட்டினா. தமையன் இரண்டு முழம் உள்ளே வந்து கம்பி அடித்துவிட்டானாம், நில அளவையாளர் இன்னும் வரவில்லையாம். அரை மணி நேரம் அந்தக் கதைதான். இன்னொரு வீட்டில், நான் டிஎஸ் ஒபிஸில் (பிரதேச செயலகத்தில்) இருந்து வந்திருப்பதாக நினைத்துப் பழைய காணிப் பெர்மிட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் ஆழமானது. குடும்ப ஆய்வாளர் டேவிட் ஒல்சனின் மாதிரியில் குடும்ப நெருக்கம் ஒரு கோடு போல, ஒரு முனையில் ஒட்டே இல்லாத குடும்பம், மறுமுனையில் ஒருவருக்குள் ஒருவர் அமுங்கிப்போன குடும்பம், இரண்டு முனையும் ஆரோக்கியம் குறைந்தவை. என் கேள்விக்கொத்தில் கிட்டத்தட்ட எல்லா வீடும் அந்த அமுங்கிப்போன பக்கம் போய் நின்றது. அந்தப் பெண்கள் இந்தக் கேள்விகளுக்கு எவ்வளவு பெருமையாகப் பதில் சொன்னார்கள் என்பதை நான் நேரில் பார்த்தவள். மகள் எங்களைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டா என்பது அவர்களுக்கு நோய் இல்லை, நல்ல வளர்ப்பு. போரில் மூன்று தரம் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்டு இருந்ததுதான் உயிர் பிழைத்த வழி. அதைக் கோளாறு என்று கணக்குப் பண்ணும் அட்டவணையைப் பார்க்க எனக்கே கோபம் வந்தது.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை, நான் செய்யவில்லை, அவ்வளவுதான். அளவை யாருடையதோ அவரின் அனுமதியை எழுதி வாங்குங்கள், சிலதுக்குக் காசும் கட்ட வேண்டும். ஒருவர் தமிழாக்கட்டும், ஆங்கில மூலத்தைக் காணாத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறிஸ்லின் என்ற ஆய்வாளர் 1970 இலேயே எழுதிவைத்த முறை இது. அது முடிந்ததும் நூறு பிரதி அடிக்காமல் ஐந்து பேரிடம் மட்டும் போய், "இந்தக் கேள்வியை நீங்கள் உங்கட பக்கத்து வீட்டு ஆளிடம் எப்படிக் கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். என் "எல்லை"க்கு ஒரு ஆச்சி தந்த சொல், "அவரவர் விஷயத்தை அவரவரே பார்க்க விடுறதோ?" என்பது. நான் மூன்று மாதமாகத் தேடியது அதைத்தான்.

சரி, 96 தாளும் நிரப்பி வந்தன. அதன் பிறகுதான், ஆட்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். ஆம், பிறகு. எங்கள் துறையில் முன்னால் படித்த ஒருவர் அது ஒரு சம்பிரதாயம், பிறகு போட்டாலும் வரும் என்று சொல்லியிருந்தார், நானும் நம்பினேன். குழு ஒரே வரியில் பதில் அனுப்பியது: அனுமதிக்கு முன் சேர்த்த தரவு எதையும் பயன்படுத்த முடியாது. பின்தேதியிட்டு அனுமதி தருகிற வழக்கமே இல்லை. அந்தத் தாள்கள் இரண்டு பெட்டியில் கட்டிலுக்குக் கீழே கிடந்தன, பிறகு நானே எரித்தேன். எரிக்கும்போது அழுதேன், அந்த மனுசர் தங்கள் நேரத்தைத் தந்திருந்தார்கள். புது அனுமதி வர 2019 தை ஆகிவிட்டது. ஐந்து மாதம்.

குழு கேட்ட ஒரு கேள்வி நியாயமானது, அதையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு கதைக்க யார் சம்மதம் தருவது? தாய் வெளிநாட்டில், தகப்பன் சில வீடுகளில் இருக்கிறார், சில வீடுகளில் எங்கே என்றே தெரியாது. வளர்ப்பது அம்மம்மா, ஆனால் சட்டப் பாதுகாவலர் என்று அவவிடம் கடதாசி இல்லை. கடைசியில் நான் செய்தது, அம்மம்மாவின் கையெழுத்து, தகப்பன் இருந்தால் அவருடையதும், தாயின் சம்மதத்தைத் தொலைபேசியில் ஒலிப்பதிவாக, அதோடு பிள்ளையிடம் தனியாக, "வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், ஒருவரும் ஏச மாட்டார்கள்" என்று சொல்லிக் கேட்டது. இரண்டு பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். நிம்மதியாக இருந்தது. நான் கேட்டது அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. இன்னொன்று, பிள்ளை அடி, துன்புறுத்தல் பற்றி ஏதாவது சொன்னால் அதை இரகசியமாக வைக்க முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சிறுவர் உதவி இலக்கம் 1929 என் படிவத்திலேயே அச்சடித்திருந்தது.

பிறகு நேர்காணல். கேள்விக்கொத்தை விட்டுவிட்டுக் கதைத்துத் தெரிந்துகொள்வது என்று மேற்பார்வையாளரோடு முடிவெடுத்தேன். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்ததில் இருந்து பஸ்ஸில் போய்வரச் சுகம்தான், ஆனால் பிரதான வீதியில் இறங்கி உள்ளே போக ஓட்டோ வேண்டும். சனி, ஞாயிறு, லீவு நாள் எல்லாம் போனேன், போக்குவரத்துக்கு மட்டும் 68,000 வரை போயிருக்கிறது. என் மகனை அந்த நாட்களில் பார்த்துக்கொண்டது என் அம்மா. அம்மம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு அம்மம்மாவிடம் பிள்ளையை விட்டவர்களைப் பற்றிக் கேட்கப் போகிறேன் என்பது பஸ்ஸில் இருக்கும்போது அடிக்கடி நினைவுக்கு வரும், நெஞ்சு அடைக்கும்.

முதல் பத்து வீட்டிலும் எல்லாம் நல்லம். பிள்ளைகள் நல்லாய் இருக்கிறார்கள், காசு ஒழுங்காய் வருகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரே வசனம் திரும்பத் திரும்ப வந்ததும் சந்தேகப்பட்டேன். ஒரு அக்காதான் பிறகு உடைத்துச் சொன்னா. 2013 இல் இருந்து வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று அரசாங்கம் கொண்டுவந்தது, அப்போது சின்னப் பிள்ளை இருந்தால் போக முடியாமல் இருந்தது, பெரிய பிள்ளைகள் என்றால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்கு உத்தியோகத்தர் வந்து கேட்ட கேள்வியும் என் கேள்வியும் ஒன்று: பிள்ளைகளை யார் பார்க்கிறது? அவர்கள் அந்தப் பதிலை எனக்கும் தந்தார்கள். தவறாக ஒன்று சொன்னால் அடுத்த முறை மகளின் பயணம் நிற்கும் என்ற பயம். என் கையில் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை, கூட வந்து வீட்டைக் காட்டியவர் ஜீ.எஸ். (கிராம சேவகர்). பிறகு எப்படி உண்மை வரும்?

அதன் பிறகு ஜீ.எஸ்ஸிடம் தகவல் சொன்னேன், அனுமதிக் கடிதம் கொடுத்தேன், ஆனால் அவரோடு வீட்டுக்குப் போகவில்லை. ஃபைலை விட்டேன். முதல் இரண்டு தரம் ஒன்றும் கேட்காமல் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். "உறவு எப்படி?" என்று கேட்பதை நிறுத்தி, "நேற்று விடியப்புறம் இருந்து படுக்கும் வரைக்கும் என்ன நடந்தது?" என்று கேட்டேன். பிள்ளைக்குத் தலை இழுத்தது யார், பாடசாலைக்குக் கட்டிக் கொடுத்தது என்ன, இரவு தாய் வீடியோ அழைப்பு எடுத்தபோது பிள்ளை ஓடி வந்ததா, கூப்பிட்டும் வராமல் இருந்ததா. உறவு அதற்குள்தான் இருக்கிறது. ஒரு சின்னவன் அம்மம்மாவை "அம்மா" என்றும் தாயை "ஃபோன் அம்மா" என்றும் சொன்னான். தாய் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா, லீவில் வந்தவ. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

குடும்பப் படம் வரைவது பற்றியும் சொல்கிறேன். குடும்பச் சிகிச்சையில் முரே பவனின் வழியில் வந்தவர்கள் மூன்று தலைமுறையைக் கோடும் வட்டமும் சதுரமுமாக வரைவார்கள், நல்ல கருவிதான். எங்கள் ஆட்களுக்குத் தாயின் தங்கை சின்னம்மா, அவவும் அம்மாதான், அவவின் பிள்ளைகள் தம்பி தங்கச்சி. மச்சானை முடித்த வீட்டில் ஒரே ஆள் இரண்டு கோட்டில் வருவார். ஆகவே நான் வளவை வரைந்தேன். எந்த வீடு, எத்தனை உலை, யார் எங்கே சாப்பிடுகிறார்கள், யார் எங்கே படுக்கிறார்கள். மண்ணில் தடியால் கீறித் தந்தார்கள், படம் எடுத்துக்கொண்டேன். இரண்டு உலை இருந்தும் ஒரே வீடாக இருப்பவர்களும், ஒரே உலையில் சமைத்துக் கதைக்காமல் இருப்பவர்களும் அதில் வெளியே வந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்பதை எல்லோரும் முதல் கேள்வியாகப் போடுவார்கள், சுகமான கேள்வி என்று. திருகோணமலையில் அது சுகமான கேள்வி இல்லை. ஒரு அம்மா விரலை மடக்கி நான்கு என்றா, பிறகு மூன்று என்றா, பிறகு பேசாமல் இருந்தா. ஒரு மகன் காணாமல் போனவன். அவனை எண்ணினாலும் பிழை, எண்ணாவிட்டாலும் பிழை. பாலின் போஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து, செத்தாரா இருக்கிறாரா என்று முடிவில்லாத இந்த இழப்புக்குத் தனிப் பெயரே வைத்தவர். அதை நான் வாசித்திருந்தேன், ஆனால் வாசித்தது என் முதல் கேள்வியில் இருக்கவில்லை. இப்போது அந்தக் கேள்வியை நான் கேட்பதே இல்லை, அவர்களாகச் சொல்லும்வரை இருப்பேன். மனம் குழம்பினால் எங்கே அனுப்புவது என்பதும் முதலே தெரிந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒருவரோடு முன்கூட்டியே கதைத்து வைத்திருங்கள், மனநல உதவி இலக்கம் 1926 ஐயும் எழுதிக் கொடுங்கள்.

2019 சித்திரை 21 குண்டுவெடிப்போடு எல்லாம் நின்றது. ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கிராமத்துக்குள் போகிற நிலை அப்போது இல்லை, போவதும் முறை இல்லை. ஆவணியில்தான் மறுபடி போனேன். ஒலிப்பதிவு ஒரு மணித்தியாலம் என்றால் எழுதி முடிக்க எனக்கு ஐந்தாறு மணித்தியாலம் போனது. அவசரத்தில் சிலதை ஒரு பெண்ணிடம் காசுக்கு எழுதக் கொடுத்தேன். அவளுக்கும் அந்தப் பக்கம் சொந்தம் இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். நல்ல காலம், அவள் வாய் திறக்கவில்லை. நீங்கள் கொடுப்பதென்றால் வேறு மாவட்டத்து ஆளிடம், எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். இதே அவசரத்தில் 150 டொலர் கட்டி, அப்போது 27,000 ரூபா போல, ஒரு இணைய ஆய்விதழில் கட்டுரையும் போட்டேன். மூன்று நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு திருத்தமும் சொல்லாமல் மூன்று நாளில் ஏற்றுக்கொள்ளும் இதழ் உங்கள் காசைத்தான் வாசிக்கிறது. பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இனி அந்த வீடு. அம்மம்மாவோடு நான்கு தரம் கதைத்தேன். மகள் லீவில் வந்தபோது அவளோடு தனியாக, கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டு ஒரு தரம். மகள் ஒன்று சொன்னாள். அந்த வரியை இங்கே எழுத மாட்டேன். குற்றம் இல்லை, கெட்ட விஷயமும் இல்லை, தாயிடம் சொல்ல முடியாமல் ஆறு வருடமாக வைத்திருந்து, தொடர்பில்லாத ஒருத்தி என்று என்னிடம் சொன்னது. கார்த்திகையில் நகரில் ஒரு கருத்தரங்கு. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், நாட்டை மாற்றினேன், அந்த வரியை மட்டும் அவள் சொன்னபடியே போட்டேன், அவ்வளவு வடிவாக இருந்தது. கட்டுரைப் பிரதி எல்லோருக்கும் கொடுத்தார்கள். யார் கொண்டுபோனார்கள் என்று நான் தேடவில்லை, பதினைந்து நாளில் அது அந்த வளவுக்குப் போய்விட்டது. ஊரில் ஒருவருக்கும் ஆளைத் தெரியவில்லை. தாய்க்கு மட்டும் தெரிந்துவிட்டது, பெற்ற மகள் வசனத்தை எப்படி முடிப்பாள் என்று அவவுக்குத் தெரியாதா?

வெளியாட்கள் கண்டுபிடிக்காமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. வீட்டுக்குள் ஒருவர் மற்றவரைக் கண்டுபிடிக்காமல் இருப்பது வேறொரு பாதுகாப்பு. நியூசிலாந்துச் சமூகவியலாளர் மார்ட்டின் டோலிச் 2004 இல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார், உள்ளக இரகசியம் என்று சொல்லலாம். அதை எல்லாம் முடிந்த பிறகு வாசித்தேன். என் சம்மதப் படிவத்தில் உங்கள் பெயர் வெளிவராது என்றுதான் இருந்தது. உங்கள் அம்மா வாசித்தால் உங்களைத் தெரிந்துகொள்வா என்ற வரி இருக்கவில்லை. அது இருந்திருந்தால் அவள் சொல்லியிருக்க மாட்டாள், அல்லது சொல்லிவிட்டு எழுத வேண்டாம் என்றிருப்பாள், இரண்டும் அவளின் உரிமை.

மகள் வெளிநாட்டில் இருந்து என் இலக்கத்துக்கு ஒரு வசனம் அனுப்பிவிட்டுத் தடை செய்துவிட்டாள். நான் அம்மம்மாவிடம் போனேன். உள்ளே கூப்பிட்டா, பாய் போட்டா, தேத்தண்ணியும் தந்தா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "நீ எழுதினது பொய்யில்லை பிள்ளை. ஆனா அது எனக்குச் சொன்னதில்லையே" என்றா. பஸ்ஸில் மூதூரில் இருந்து வீடு வரும் வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். பிறகு ஐந்து மாதம் அந்த ஃபைலைத் தொடவில்லை, அதற்குள் 2020 பங்குனி ஊரடங்கும் வந்தது.

மேற்பார்வையாளரிடம் முழுவதும் சொன்னேன், அவர் ஏசவில்லை. அந்த வீட்டின் தரவு முழுவதையும் எடுத்தோம். மிச்ச வீடுகளில் ஒரே வீட்டு ஆட்களின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருந்த இரண்டு அத்தியாயத்தையும் பிரித்து, அம்மம்மாக்கள் எல்லோரும் ஓரிடத்தில், மகள்மார் எல்லோரும் இன்னோரிடத்தில், யாருக்கு யார் என்று தெரியாதபடி மறுபடி எழுதினேன். கால நீடிப்புக் கட்டணம், சம்பளமில்லா லீவு, கையில் இருந்த ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போனது. 2022 ஆவணியில் சமர்ப்பித்தேன்.

இப்போது நான் செய்வது, ஒரே வீட்டில் ஒருவருக்கு மேல் கதைப்பதாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் தனியாக, "நீங்கள் சொல்வதில் வீட்டு ஆட்கள் தெரிந்துகொள்ளக் கூடாதது எது?" என்று ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் கேட்பேன். எழுதப் போகும் வரிகளை அச்சடித்துக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன். அவர்கள் வெட்டச் சொன்னதை வெட்டுவேன், காரணம் கேட்க மாட்டேன். போன மாதம் ஒரு தங்கச்சி ஏழு வரியில் ஐந்தை வெட்டச் சொன்னாள். வெட்டினேன்.

இந்தப் பதிவையும் அந்த இருவருக்கும் வாசித்துக் காட்டித்தான் போடுகிறேன். மகள் தடையை எடுத்துவிட்டாள், குரல் பதிவில் சரி என்றாள், ஒரு பத்தியை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். மூதூர், கிண்ணியா, சம்பூர், வெருகல் பக்கம் இப்படி ஆய்வு செய்யத் தொடங்குபவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் திருத்திய சம்மதப் படிவம் தமிழில் இருக்கிறது, பிள்ளைகளுக்கான ஒரு பக்கப் படிவமும் இருக்கிறது, கேளுங்கள், தருகிறேன். சம்மதப் படிவத்தின் மூன்றாவது பத்தியை உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்கள் வாசித்தால் உங்களைத் தெரிந்துகொள்ளக் கூடும் என்ற வரி அதில்தான் இருக்கிறது, அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.